சேற்றை அப்படியே விடச் சொன்னவன்

சொந்த நிலத்தில் எதையும் செய்யாமல் இருங்கள் என்று நிலத்துக்காரரிடமே போய்ச் சொல்வதுதான் என் உத்தியோகம். எழுபதுகளின் தொடக்கம் அது. பறவைகளிலும் செடிகொடிகளிலும் ஈடுபாடுள்ள சிலர் ஒரு சின்னச் சங்கம் வைத்திருந்தார்கள். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டித் தனியாரிடம் இருந்த சதுப்பு நிலங்களை யாரும் மண் கொட்டி மூடிவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. தாவரவியல் படித்துவிட்டு ராயபுரத்தில் வேலையில்லாமல் இருந்த என்னை, பேசிப் பார்க்க அனுப்பினார்கள். வீடு வீடாக ஏறி இன்ஷூரன்ஸ் பிடித்தவர்கள், தோற்கப்போகிற வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நாமெல்லாம் ஒரே இனம்.

வந்த காரியம்

பொன்னையா அண்ணாச்சி ராயபுரத்தில் பருப்பு மண்டி வைத்திருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எண்ணூரில் அவருக்கு ஒரு பழைய உப்பளம் இருந்தது. உப்பு எடுப்பதை நிறுத்திப் பல காலம். பாத்திகளில் மழைத்தண்ணீரும் கடல்தண்ணீரும் கலந்து தேங்கிக் கிடக்கும். ஐப்பசி பிறந்தால் உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக இறங்கிச் சேற்றைக் கொத்தும். எங்கோ வடக்கிலிருந்து அவ்வளவு தூரம் பறந்து வருகிற குருவிகள், இந்தச் சேறும் போனால் இறங்க இடமில்லை என்று அண்ணாச்சியிடம் விளக்கினேன்.

அவர் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, நிலத்தை வாங்க வந்தீர்களா என்றார். இல்லை என்றேன். குத்தகைக்கா? இல்லை. வேறு நிலம் ஏதும் விற்கிறீர்களா? அதுவும் இல்லை. தராசுத் தட்டில் இருந்த துவரம் பருப்பைச் சாக்கில் கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, வாங்கவும் வரலங்கிய, விக்கவும் வரலங்கிய. பொறவு என்னத்துக்கு வந்திய?"

 

ரெண்டு ஆபீஸ்

அடுத்தவர் அஞ்சலை. எண்ணூர்க் குப்பத்தில் மீன் விற்கிற பெண். கழிமுகக் கரையில் மாமனார் வழியில் வந்த துண்டு நிலம் அவருடையது. அதில் கண்டல் மரங்கள் அடர்ந்து நின்றன. சேற்றில் வேரூன்றி உப்புத் தண்ணீரில் வளர்கிற மரம். அதன் கிளைகளில் வக்கா என்ற நாரை கூடு கட்டியிருந்தது. அஞ்சலை வீட்டு அடுப்பு எரிந்ததோ அந்த மரத்தை வெட்டித்தான்.

அந்த நாளில் குடும்பக் கட்டுப்பாட்டுக்காரர்கள் குப்பம் குப்பமாக வந்து போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. "கொஞ்ச நாள் பொறுங்கம்மா, குஞ்சு பொரிக்கட்டும், இனம் பெருகட்டும்" என்று ஆரம்பித்தேன். அஞ்சலை மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"போன வாரம் ஒர்த்தரு வந்து போதும், நிறுத்திக்கோன்னாரு. நீ இன்னாடான்னா பெருக வுடுன்றே. ரெண்டு பேரும் ஒரே ஆபீஸா நைனா?"

வண்டு விழுந்த பயறு

ஒரு நாள் அண்ணாச்சியே ஆள் விட்டுச் சொன்னார், உங்கள் பறவைக்கு ஏற்பாடு செய்துவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள் என்று. எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் ரயிலைப் பிடித்து எண்ணூர் போனேன். உப்பளத்து வரப்பில் அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டு விழுந்த பயறை மூட்டையிலிருந்து அள்ளி அள்ளி இறைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் காக்கை, மைனா, புறா. அவை போட்ட சண்டையில் உள்ளான் ஒன்றைக்கூடக் காணோம்.

அவர் முகத்தில் அப்படியொரு நிறைவு. ஆனாலும் சொல்லித்தானே ஆகவேண்டும். உள்ளான் சேற்றுப் புழுவைத் தின்னும், பயறு தின்னாது, இந்தக் கூட்டத்தைக் கண்டால் வரவே வராது என்றேன். அள்ளிய கை அப்படியே நின்றது.

"பறவன்னுதான சொன்னிய. காக்கா பறவ இல்லியா?"

பாதிக் காடு

மழைக்காலம் முடிந்து அஞ்சலையின் நிலத்துக்குப் போனால், கண்டலில் பாதி இல்லை. மகளுக்குக் கல்யாணம், சமையலுக்கு விறகு என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மீதிப் பாதி நின்றது. அதில் வக்காக் குஞ்சுகள் கழுத்தை நீட்டிக் கத்திக்கொண்டிருந்தன. பாதி போச்சு என்று அழுவதா, பாதி நிற்கிறதே என்று சிரிப்பதா என்று தெரியாமல் சேற்றில் நின்றேன். அஞ்சலை வந்ததும் நன்றி சொன்னேன். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ சொன்னேன்னு ஒண்ணும் வுடல. கத்திய எடுத்துனு போனா அதுங்க கத்துதுங்க. மன்சு வர்ல."

லாரி நிற்க இடம்

மணலி எண்ணெய் ஆலைக்கு வரும் டேங்கர் லாரிகளை நிறுத்த இடம் தேடி, ஒரு கான்டிராக்டர் அண்ணாச்சியை விடாமல் மொய்த்தார். உப்பளத்தைத் தானே மண் கொட்டி மேடாக்கி, மாதா மாதம் வாடகையும் தருவதாகப் பேச்சு. செய்தி தெரிந்து நான் மண்டிக்கு ஓடினேன். எதிரே கான்டிராக்டர் முகம் சிவக்க இறங்கி வந்தார். அண்ணாச்சி மறுத்துவிட்டாராம்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளான்கள் சார்பில் கும்பிட்டேன். அண்ணாச்சி கல்லாப்பெட்டியை மூடிவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, குரலைத் தாழ்த்தி, "அங்க என்ன வரப் போவுது? ரயில் ரோடா, துறைமுகமா? நமக்குள்ள சொல்லுங்க" என்றார். ஒன்றும் வரப்போவதில்லை, சேறும் குருவியும்தான் என்றேன். அவர் புன்னகைத்தார். சத்தியம் செய்தேன். புன்னகை இன்னும் அகலமானது. உண்மையைச் சொல்லி நம்பவைத்தால் நாளையே கான்டிராக்டரைக் கூப்பிட்டு மண் கொட்டச் சொல்லிவிடுவார், நம்பவைக்காவிட்டால் ஏமாற்றியவன் ஆவேன். எது சரி என்று புரியாமல் மறுபடியும் இல்லை அண்ணாச்சி, இல்லவே இல்லை என்றேன்.

"ஒண்ணும் இல்லாத எடத்துக்குப் படிச்ச மனுசன் இப்படி வெயில்ல அலைவானா? நீங்க இல்ல இல்லன்னு சொல்லச் சொல்லத்தான் தம்பி எனக்கு நம்பிக்கை கூடுது."

அடுத்த ஐப்பசியிலும் அந்தச் சேற்றில் உள்ளான்கள் இறங்கின. எப்படிச் சாதித்தீர்கள் என்று சங்கத்தில் கேட்டார்கள். அது என் பேச்சுத் திறமையா, என் பேச்சை அவர் நம்பாததா என்று எனக்கே தெரியாததால் நான் அடக்கமாகத் தலைகுனிந்து நிற்க, அவர்கள் என்னைப் பாராட்டிக் கைதட்டினார்கள்.