நான் ஓட்டினால் மட்டும் நின்ற கார்

எங்கள் கார் என் கணவர் ஓட்டும்போது ஒரு தடவைகூட நின்றதில்லை. நான் ஓட்டும்போது மட்டும்தான் நின்றது.

நான் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குவது எங்கள் பிரிவின் வேலை. பிரிவை ஊத்துக்குளிப் பக்கம் மாற்றியபோது பஸ் நேரம் ஒத்துவரவில்லை. வீட்டில் பெரும்பாலும் சும்மா நின்ற பழைய பெட்ரோல் காரை, நாற்பத்து மூன்று வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டு, வேலைக்கு எடுத்துப் போக ஆரம்பித்தேன்.

இரண்டாவது வாரம் அது நடந்தது. கிளம்பி இருபது நிமிடம் இருக்கும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வேகம் குறைந்தது. இரண்டு முறை வெட்டி இழுத்துவிட்டு வண்டி அடங்கிப்போனது. சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

கணவர் மங்கலத்தில் தறிக்கூடம் வைத்திருக்கிறார். போன் செய்தேன். பைக்கில் வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். உடனே பிடித்துக்கொண்டது.

"நல்லாத்தான இருக்குது?"

"அப்பப் பிடிக்கலீங்க. எத்தன தடவ திருப்புனேன்."

"கிளட்ச்ச சட்டுனு உட்ருப்ப."

இல்லை என்று சொன்னேன். சொன்ன பிறகுதான், உறுதியாகத் தெரியுமா என்று யோசித்தேன்.

அதன்பின் நாலைந்து முறை நின்றது. ஒரு நாள் ரயில்வே கேட் தாண்டி, ஒரு நாள் அதற்கு முன்னால். வெயிலிலும் நின்றது, மழை நாளிலும் நின்றது. அவர் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்கு எடுத்துப்போய் வந்து, "ஒண்ணும் இல்ல, போ" என்பார். நான் கால் வைக்கும் விதத்தையே குனிந்து பார்த்துக்கொண்டு ஓட்டினேன். குழப்பம் வேலையிலும் தொற்றியது. ஓகே சொன்ன பனியனை மறுபடி கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கள் தெருமுனையில் ஒரு பாய் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். முதலில் பெட்ரோல் பில்டர் மாற்றினார். பிறகு பிளக்குகள். மூன்றாவது முறை போனபோது எதையும் கழற்றவில்லை.

"அக்கா, நின்னுட்டா எவ்வளவு நேரங்கழிச்சு ஸ்டார்ட் ஆகுதுங்க?"

யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. பத்து நிமிடம் என்றேன். பிறகு பதினைந்து என்றேன்.

"நாளைக்கு நானும் வர்றேனுங்க. நீங்களே ஓட்டுங்க."

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் காலையில் ஓட்டினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். ஊத்துக்குளி வரைக்கும் வண்டி நிற்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. திரும்பி வரும்போது வண்டி வெட்டி இழுத்தது, அடங்கியது. "பாத்தீங்களா!" என்று கத்தினேன். ரோட்டில் கார் நின்றதற்கு அப்படிச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

அவர் இறங்கிப் பின்சீட்டைத் தூக்கினார். பெட்ரோல் டேங்க் அதற்கு அடியில்தான் இருக்கிறது. என்னைச் சாவியை ஆன் செய்யச் சொல்லிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார்.

"பம்பு ஓடுதுங்க. ஆனா தெணறுது. உள்ள வாயில என்னமோ போயி அடைக்குது. நின்னதும் இழுப்பு இல்லாம அது உழுந்துருது. அதான் கொஞ்ச நேரங்கழிச்சு ஸ்டார்ட் ஆகுது."

"அவரு ஓட்டுனா ஏனுங்க நிக்கறதில்ல?"

"அண்ணன் அஞ்சு நிமிஷத்துக்கு மேல எங்கீங்க ஓட்டறாரு? அது போயி ஒட்டறதுக்குள்ள ஊடு வந்துரும்."

சாயங்காலம் ஒர்க்‌ஷாப்பில் பம்பை வெளியே எடுத்தார். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு கம்பியை வளைத்து விட்டு, உள்ளங்கை அளவு துணித்துண்டு ஒன்றை எடுத்தார். ஊறி நிறம் தெரியாமல் போயிருந்தது. நல்ல பனியன் துணி. இந்த ஊரில் கை துடைக்க, வண்டி துடைக்க எல்லோரிடமும் இருக்கும் கட்டிங் வேஸ்ட்.

பேப்பரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவர் முன்னால் வைத்தேன். எப்போதோ பெட்ரோல் டேங்க் மூடி தொலைந்து, வேறு வாங்கும்வரை துணி அடைத்து ஓட்டியது இருவருக்குமே நினைவு வந்தது.

"நீதான அடைச்ச?" என்றார்.

"அப்ப எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதுங்களே."

"ஓட்டத் தெரியலீன்னா துணி அடைக்கத் தெரியாதா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். துணியைச் சுருட்டி அந்தத் துளைக்குள் திணிக்கிற மாதிரி ஒரு நினைப்பு வந்தது. அது என் கையா, அவர் செய்ததை நின்று பார்த்ததா என்று எவ்வளவு யோசித்தும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு கார் நிற்கவில்லை. அடுத்த மாதம் ஊத்துக்குளியில் ஒரு கல்யாணம். கணவர் ஓட்டினார், நான் பக்கத்தில் இருந்தேன். பாதி வழியில், "எங்க நிக்கும்?" என்று கேட்டார்.

"ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு எடத்துலீங்க."

சிறிது தூரம் போனதும், "அன்னிக்கு லாரிக்காரன் ரொம்பச் சத்தம் போட்டானா?" என்றார். ஆமாம் என்றேன். அது மன்னிப்பா, வெறும் பேச்சா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.