மாமாவைத் திரும்ப வாங்காமல் வந்தது

சுனாமிக்கு அடுத்த வருஷம் முழுக்க என் தாய்மாமா கடலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பார். தேவனாம்பட்டினத்தில் அப்படி உட்கார இடம் தேடுவது லேசான காரியமில்லை. அலை அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு வேப்பமரத்தில் மாட்டிவிட்டுப் போனது. ஆள் பிழைத்தார், பயமும் கூடவே பிழைத்துக்கொண்டது. மீன்பிடிப்பதை விட்டுத் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கப் போனார். தெருவில் லாரி இரைந்தால்கூட மாடிப்படி ஏறிவிடுவார். "செத்துடுவேன்க்கா" என்று அம்மாவிடம் சொல்வது, வெளியூர் போய் வருகிறேன் என்பதைப்போல வீட்டில் சாதாரணமாகிவிட்டது.

மாமா முன்பு வேலை செய்த படகின் சொந்தக்காரர் ஒருநாள் வந்தார். "மச்சான், கடலே பழசையெல்லாம் மறந்துடுச்சு. நீதான் இன்னும் மூஞ்சத் திருப்பிக்கினு கெடக்குற. பொங்கல் கழிச்சு வரலன்னா வேற ஆளப் போட்டுக்குவேன்" என்றார். மாமா முதுகைச் சொறிந்துகொண்டார்.

அம்மாவுக்கு ஒரு யோசனை. எங்கள் பக்கத்தில் நோஞ்சான் பிள்ளைகளைச் சாமிக்குக் கொடுத்துவிடுவார்கள். சன்னதி முன்னால் கிடத்தி, இனி உன் பிள்ளை என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன் சீந்தமாட்டான் என்பது கணக்கு. மீசை முளைத்த பிள்ளைக்கு அது பலிக்குமா என்று யாரும் யோசிக்கவில்லை.

சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினோம். தவிட்டுப் பை என் மடியில். நடராஜர் கோயில் கொடிமரத்தருகே மாமா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அம்மா கைகூப்பி, "அப்பா, இவன் இனிமே உன் புள்ள. நீயே பாத்துக்க" என்றாள். கொஞ்ச நேரம் விட்டு என்னிடம் பையை வாங்கி, "இந்தத் தவிட்ட வச்சிக்கினு என் தம்பிய..." என்று தொடங்கினாள்.

"வேணாம்க்கா" என்றார் மாமா, கன்னத்தைத் தரையில் வைத்தபடியே.

"என்னடா வேணாம்?"

"திரும்ப வாங்காத. அல வந்த அன்னிக்கி உன் கையத்தான புடிச்சிக்கினு இருந்தேன்? வழுக்கிடுச்சில்ல. இங்கியே இருக்கட்டும்."

"லூசு! பாதியில நிறுத்தக் கூடாதுடா. எழுந்திரு."

"பாதி இல்லக்கா. அவ்ளோதான்."

சுற்றிவந்த ஒருவர், "ஏம்மா, ஆளு மயக்கமா?" என்று விசாரித்தார். மாமா எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். பிறகு கீழவீதியில் எங்களையெல்லாம்விட அதிகமாகப் பூரி தின்றார். தவிட்டை ஒரு மாடு தின்றது.

என் கவலை வேறு. வாங்காமல் விட்டுவந்த மாமா இன்னும் எங்கள் மாமாதானா? பஸ்ஸில் அவரிடமே கேட்டேன்.

"உனக்கு மாமாதான்டி. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார்.

பொங்கல் கழிந்ததும் படகேறினார். "எப்படா திரும்புவ?" என்று அம்மா கேட்டதற்கு, "என்னியக் கேட்டா?" என்று சிரித்தார். படகு அலையைத் தாண்டும்போது, வலையில் சிக்கெடுத்துக்கொண்டே யாரையோ கேலி செய்துகொண்டிருந்தார். கரையில் அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்தியபடி நின்றாள்.

"மாமாவுக்குத்தான் பயம் போயிடுச்சில்ல. ஏம்மா அழுவுற?"

"ஆமாண்டி. அவனுக்குப் போயிடுச்சு."

நல்ல சேதிதானே என்று நான் நண்டு பிடிக்க ஓடினேன்.