வெயிட் ஜாஸ்தியான லென்ஸ்

வீராணம் ஏரியில் வாத்துகள் கரைக்குப் பக்கத்தில் வராது. வந்தால் என்ன குறைந்துவிடும் என்று பல தடவை எரிச்சல்பட்டிருக்கிறேன். ஊசிவால் வாத்துகள் கூட்டமாகப் போய் நடுத்தண்ணீரில்தான் உட்காரும். என் பழைய லென்ஸில் எடுத்தால் கடுகைச் சிந்தின மாதிரி இருக்கும். ஒரு கடுகைக் காட்டி "இதுதான் ஊசிவால் வாத்து" என்று சொன்னால் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

நான் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வாரம் முழுக்க யாராவது என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். வகுப்பில் "டீச்சர் டீச்சர்", வீட்டில் "அம்மா அம்மா", சாக்ஸ் எங்கே, சார்ஜர் எங்கே. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் ஏறி, அங்கிருந்து ஏரிக்கரைக்குப் போய்விடுவேன். வெயில் ஏறும்வரை யாரும் என்னிடம் எதுவும் கேட்க மாட்டார்கள். பறவைகள் எனக்கு நிஜமாகவே பிடிக்கும். ஆனால் தனியாகப் போக முடியாது என்றால் நான் பறவை பார்க்கப் போவேனா என்பது சந்தேகம்தான்.

லென்ஸ் வாங்குவது என்று முடிவானதும் மாசக்கணக்கில் வீடியோ பார்த்தேன். கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று நானூறு எம்.எம். வரை போவது, சின்னது, என் தோள்பையிலேயே அடங்கும். இன்னொன்று அறுநூறு வரை போவது. வாத்தின் கண்ணையே காட்டிவிடும். ஆனால் பருப்போடு இருக்கும் குக்கரைத் தூக்குகிற மாதிரி கனம். நான் சின்னதைத்தான் மனசில் வைத்திருந்தேன். வாத்து கடுகிலிருந்து மிளகு அளவுக்கு வந்தால் போதும், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாம்.

என் வீட்டுக்காரருக்குக் கடலூரில் வேலை. அவர் ஆபீசுக்குப் பக்கத்தில், கல்யாண போட்டோ எடுப்பவர்கள் போகிற ஒரு கேமரா கடை. இரண்டு லென்ஸையும் வரவழைத்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் பெரியதை எடுத்துக் கேமராவில் மாட்டி நேராக என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். செல்போனில் படம் எடுத்தால்கூட ஓரத்தில் தன் விரலும் விழுகிற மாதிரி எடுப்பவர் அவர்.

"மேடம்தாங்க எடுப்பாங்க," என்றார் அவர். நல்ல மனிதர், அதில் குறை சொல்ல முடியாது. கடைக்காரர் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, மிச்ச விளக்கத்தையும் அவரிடமே சொன்னார். என் வீட்டுக்காரர் லென்ஸ் வழியாக, எதிரே செல்போன் டவரில் உட்கார்ந்திருந்த பருந்தைப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்.

"எனக்குச் சின்னதே போதுங்க," என்றேன்.

"ஏம்மா, வாங்கறதே வாங்கறோம், பெருசாவே வாங்கிடலாமே."

இந்த ஒரு வாக்கியத்தால்தான் எங்கள் ஃபிரிட்ஜ் சமையலறையில் நுழையாமல் ஹாலில் நிற்கிறது. பையனின் யூனிஃபார்ம் சட்டையில் வருஷா வருஷம் கையை மடித்துவிடுவதும் இதனால்தான்.

"வெயிட் ஜாஸ்தி. என்னால தூக்க முடியாது."

"நான் எதுக்கு இருக்கேன்? நான் தூக்கிட்டு வரேன். ஞாயித்துக்கெழம சும்மாதான படுத்துக் கெடக்கறேன்."

"சாரே வராருன்னா அப்புறம் இன்னா மேடம் கவல," என்றார் கடைக்காரர். "கூட ஒரு ட்ரைபாடும் எடுத்துக்கங்க."

'நீங்கள் வரக்கூடாது, அதற்காகத்தான் சின்னது கேட்கிறேன்' என்று ஒரு கடைக்காரர் முன்னால் எப்படிச் சொல்வது? வீட்டிலேயே எப்படிச் சொல்வது? அவர் என்ன தப்பு செய்தார்? கனம் என்று நான் சொன்னது ஒரு சாக்கு. சொல்லச் சொல்ல அவர் வருவதுதான் உறுதியானது. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு பிடிபடவில்லை.

பெரியதையே வாங்கினோம்.

அடுத்த ஞாயிறு பைக்கில் போனோம். காட்டுமன்னார்கோயிலில் டீ, வடை. கரையில் அவரே ட்ரைபாடின் மூன்று காலையும் ஊன்றி, லென்ஸை மாட்டித் தந்தார். பார்த்தேன். வாத்தின் ஊசி வால், அலகின் ஓரத்து நீலம், கழுத்தில் ஏறும் வெள்ளைக் கோடு, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. அந்த நிமிஷம் அவரை மன்னித்துவிட்டேன்.

"கெடச்சிதாம்மா?" என்றார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும், "கெடச்சிதா?"

வண்டியில் போன இரண்டு பேர் ட்ரைபாடைப் பார்த்து நின்றார்கள்.

"சார், சர்வேயா? மறுபடியும் மெட்ராஸுக்குத் தண்ணி எடுக்கப் போறாங்களா?"

"இல்லிங்க, வாத்து பாக்கறோம்."

"வாத்த எதுக்கு சார் அளக்கறீங்க?"

அவர் விளக்கினார். நான் சொல்லிக் கேட்டதையெல்லாம் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்துவிட்டார். இன்னும் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு தடவை கண்ணை வைத்துப் பார்த்தார்கள். நான் என் கேமராவுக்குப் பக்கத்தில் வரிசையில் நின்றேன். சத்தத்தில் வாத்துகள் மொத்தமாகக் கிளம்பின. "பறக்குது பாரு, எடு எடு," என்றார் அவர்.

அந்த மாசம் முழுக்க இப்படியே போனது. அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, வெயிலுக்கு ஒரு தொப்பிகூட வாங்கினார். எனக்கு உள்ளே கொதித்தது. அன்பாகக் கூட வருகிறவர்மேல் கோபத்தைக் காட்ட முடியாமல், அது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்மேல் போய் விழுந்தது.

ஒரு சனிக்கிழமை சொல்லிவிட்டேன். "நாளைக்கு நீங்க தூங்குங்க. நானே போய்க்கறேன்."

"அந்த வெயிட்ட எப்பிடித் தூக்குவ?"

"பழகிடுச்சி. வெயிட்டே இல்ல."

"செரி, போ," என்றார். கையில் இருந்த தொப்பியைக் கொண்டுபோய் ஆணியில் மாட்டினார். அவர் மாட்டிய விதம் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

இப்போது தனியாகத்தான் போகிறேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் பை மடியில் கனக்கிறது, கிடைக்காவிட்டால் தோளை அறுக்கிறது. ட்ரைபாடையும் சேர்த்துத் தூக்க முடியாது என்பதால் கையில் பிடித்தே எடுக்கிறேன். கை நடுங்குகிறது. முன்பு வாத்து தெளிவான கடுகாக இருந்தது, இப்போது பெரிதாகக் கலங்கித் தெரிகிறது. வலது கையை உயர்த்த முடியாமல், வகுப்பில் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் கணக்குப் போடுகிறேன். ஏரியிலிருந்து வந்ததும் பாத்ரூம் கதவைத் தாழிட்டுக்கொண்டு தோளில் தைலம் தேய்த்துக்கொள்கிறேன்.

போன ஞாயிறு அப்படித் தேய்த்துவிட்டு வெளியே வந்தபோது அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, தைல வாசன வருது?"

அவர் தலைக்கு மேலே ஆணியில் தொப்பி இருந்தது. தோள்வலி என்று சொன்னால் அடுத்த வாரமே அந்தத் தொப்பி அவர் தலைக்கு வந்துவிடும்.

"ஜலதோஷம்," என்றேன்.

உடனே எழுந்துபோய் மிளகு தட்டிக் கஷாயம் வைத்துக்கொண்டு வந்தார். காரம் தாங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே நின்றார், முழுவதையும் குடித்தேன்.