வேணுகோபால் செய்யாத கடிகாரம்

பாலாநகர்த் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வேணுகோபால், ஆபீஸ் நேரத்தில் ஆபீஸ் பித்தளையில் மூன்று கடிகாரங்கள் செய்து வீட்டுக்குக் கடத்திவிட்டார் என்று குடியிருப்பில் பேச்சு. எனக்குச் சொன்னவர் தபால்காரர். அவருக்குச் சொன்னது யார் என்றால், நான்தானாம். இதற்கு மேலும் சும்மா இருந்தால் மரியாதையில்லை என்று ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போனேன்.

மூன்று இல்லை, ஒன்றுதான். கறுப்புச் சலவைக்கல்லில் மண்டபம் மாதிரி ஒரு கடிகாரம்; இரு பக்கமும் வைக்க அதே கல்லில் இரண்டு ஜாடிகள். வெள்ளைக்காரர்கள் கணப்பு அடுப்பின் மேல் வைக்கிற செட். இங்கே இரும்பு பீரோவின் மேல் உட்கார்ந்திருந்தது. 1978இல் ஜுமேராத் பஜார் பழைய சாமான் சந்தையில் வாங்கியதாம்.

விலை உயர்ந்த பொருள் வாங்கினால் அரசுத் தொழிற்சாலை ஊழியர் படிவம் கொடுக்க வேண்டும். அதில் ‘தயாரிப்பாளர்’ என்று ஒரு கட்டம். வேறு யாராவது ‘தெரியாது’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். வேணுகோபாலோ, பேர் போடாத உதிரிப்பாகத்தைப் பத்தொன்பது வருஷமாகத் திருப்பி அனுப்பியவர்.

“மணி சரியாக் காட்டறதோன்னோ? யார் பண்ணினா என்னன்னா?” என்றாளாம் மனைவி கல்பகம்.

“பேர் இல்லாத சரக்கை நானே பாஸ் பண்றதாடி?”

பின்மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு எண், பிரெஞ்சு மாதிரி ஒரு கிறுக்கல், உருதுவில் ஒரு வரி, வட்டத்துக்குள் ஒரு நட்சத்திரம். பத்தர்கட்டிக் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்ப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு, “யே சப் மரம்மத் வாலோங்கா நிஷான் சாப். பனாயா சோ கௌன், மேரேகு நை மாலூம்” என்று கையை விரித்தார். ரிப்பேர் செய்தவன் எல்லாம் அடையாளம் வைத்திருக்கிறான், செய்தவன் வைக்கவில்லை. குழம்பிப்போன வேணுகோபால், நான்கையும் அப்படியே படிவத்தில் வரைந்து கொடுத்துவிட்டார்.

விஜிலென்ஸ் அதிகாரி நட்சத்திரத்தைப் பார்த்தார். “இது நம்ம ஃபேக்டரி முத்திரை ஆச்சே!”

தயாரிப்பாளர் கிடைத்துவிட்டார்! விசாரணை தொடங்கியது. சீனியர் இன்ஸ்பெக்டர் பதவி உயர்வுப் பட்டியலில் முதலில் இருந்த வேணுகோபாலின் பெயரை நிறுத்தி வைத்தார்கள். ஓய்வு பெற மூன்று வருஷம்தான் இருந்தது. இந்த முறை போனால் போனதுதான்.

“நானே பண்ணிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுத்து சார்,” என்றார் என்னிடம்.

காப்பாற்றியவர் இயந்திரப் பிரிவு உலகநாதன். கடிகாரம் எவ்வளவு பிந்துகிறது என்று சோதிக்க, கேட் பாஸ் போட்டு, படிவம் கொடுப்பதற்கு முன்பே வேணுகோபால் அதை ஒருநாள் தொழிற்சாலைக்குள் கொண்டுபோயிருந்தார். ஆய்வு முத்திரை இல்லாமல் எந்தப் பொருளும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது விதி. மின் பிரிவுக்காரரான வேணுகோபாலுக்குத் தெரியாத இயந்திரப் பிரிவு முத்திரையை, உதவி செய்வதாக நினைத்து உலகநாதன் உள்தகட்டில் குத்திவிட்டார். விசாரணையில் அதை அவரே எழுதிக் கொடுத்தார். வேணுகோபாலுக்குப் பதவி உயர்வு. உலகநாதனுக்கு, அனுமதியின்றி முத்திரை குத்தியதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

நான் கிளம்பும்போது உலகநாதனே வாசலில் வந்து நின்றார்.

“மெமோவுக்குப் பதிலு என்னாச்சு வேணுகோபால் சார்? எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு தெரியும்ல? நாளன்னிக்குக் கெடு. நீங்கதானே எழுதித் தர்றேன்னீங்க?”

“பாதி எழுதிட்டேன் உலகநாதன். ஒரு கட்டம்தான் நிக்கறது.”

“எந்தக் கட்டம்?”

வேணுகோபால் மெமோவை நீட்டினார். மூன்றாவது கேள்வி: முத்திரை குத்தப்பட்ட பொருளின் தயாரிப்பாளர் யார்?

“தெரியாதுன்னு போடுங்க சார்!”

“அது எப்படிப் போடறது?” என்றார் சீனியர் இன்ஸ்பெக்டர். செவ்வாய்க்கிழமை காலை வரை பதில் உலகநாதன் கைக்குப் போய்ச் சேரவில்லை.