சீர்ப்பையில் தேடிய லைப்ரரி

மகளுக்குக் காதுகுத்து நடந்த அன்றைக்கும் ஆபீஸ் என்னை விடவில்லை. ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டு மாடிப்படியில் லேப்டாப்பை வைத்து, லினக்ஸில் ஒரு புரோகிராமைக் கம்பைல் செய்துகொண்டிருந்தேன், அதாவது எழுதியதைக் கம்ப்யூட்டர் ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டது. ஒரு லைப்ரரியைக் காணோமாம். லைப்ரரி என்றால் வேறு யாரோ எழுதிவைத்த துண்டு. அதைச் சேர்த்துக்கொண்டால்தான் நம் புரோகிராம் முழுமையாகும். முந்தின நாள்தான் நானே அதை இறக்கி வைத்திருந்தேன்.

"காணலையே, இங்கனதான வச்சேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

விசேஷ வீட்டில் சொல்லக் கூடாத வார்த்தை அது. என்ன காணோம் என்று மாமியார் கேட்கவே இல்லை. "எல்லாரும் அவுகவுக பையை ஒதறிப் பாருங்க" என்று கூடத்தில் நின்று உத்தரவு போட்டார். பாய்களைச் சுருட்டினார்கள். யாரோ சாம்பார் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"அத்தை, அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்குறது!" என்று கத்தினேன்.

"எதுக்குள்ள இருந்தா என்ன, தேடுனாத்தான கெடைக்கும்" என்றபடி அவர் கையை விட்டது என் அண்ணன் கொண்டுவந்த சீர்ப்பையில்.

தாய்மாமன் சீரைத் தட்டில் பரப்பிச் சபையில் வைக்கும்வரை சம்பந்தி வீட்டார் தொடக் கூடாது. இவரோ திருட்டுப் பொருளைத் தேடுகிற மாதிரி, குழந்தையின் பட்டுப்பாவாடையை உதறிக்கொண்டிருந்தார். அண்ணன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டான். காணாமல் போனது கிடைத்தால்தான் வாசலை மிதிப்பேன் என்று டீக்கடைக்காரரிடம் சொல்லி அனுப்பினான்.

மாமன் மடி இல்லாமல் காது குத்த முடியாது. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து மகள் சிணுங்கினாள். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அத்தனை பேரும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார்கள். "அந்தச் செவப்பு எழுத்துதான் எடுத்துருக்கும்" என்று யோசனை வேறு. கடைசியில் கண்டுபிடித்தேன். லைப்ரரி என் சொந்த ஃபோல்டரிலேயே பத்திரமாக இருந்தது. அங்கே போய்த் தேடு என்று கட்டளையில் நான் சொல்லாததால், சிஸ்டம் வழக்கமான இடங்களில் மட்டும் பார்த்துவிட்டுக் கையை விரித்திருக்கிறது. ஃபோல்டரின் பாதையைச் சேர்த்து மறுபடி ஓட்டினேன். கம்பைல் ஆனது. கூடத்தில் குலவை போட்டார்கள்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினேன். "கெடைச்சிருச்சுண்ணே, வா."

அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. "எங்கன இருந்துச்சு?"

"அதுக்குள்ளதான். அங்கன போயித் தேடுன்னு நாந்தான் சொல்லாம விட்டுட்டேன்."

"அதைத் தேட வீடே கெளம்புச்சு. நான் எந்திரிச்சு வந்து இம்புட்டு நேரமாச்சு. என்னையத் தேடி ஒருத்தரும் வரலையேத்தா" என்றான். கண் கலங்கியிருந்தது.

லேப்டாப்பை அந்தப் பெஞ்சிலேயே போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.