கல்யாண பஸ்ஸில் வந்த ஆண்டுக் கூட்டம்

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில், சேமிப்புக்கும் கடனுக்குமாக எங்கள் பெற்றோர் தொடங்கிய கூட்டுறவு நாணயச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். கோலசிலாங்கூரில் சங்கத்துக்கென்று, கீழே கடையும் மேலே வீடுமாக, முதல் கடைவீடு வாங்க, சென்ற ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களின் ஒப்புதல் தேவைப்பட்டது. அன்று முடிவெடுக்காவிட்டால் உரிமையாளர் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார்.

ஆனால் மண்டபத்தில் நிர்வாகக் குழு மட்டும் உட்கார்ந்திருந்தது. அதே நாளில் பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் எங்கள் உறுப்பினர் முனியாண்டி அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வீட்டுக்கு வந்திருந்தும் மறந்து, கூட்டத்துக்கு அந்தத் தேதியைக் குறித்தவள் நான். அண்ணனுக்கே போன் செய்து நிலைமையைச் சொன்னேன்.

"நீ கல்யாணத்துக்கு வரலையேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். எல்லாரும் பாயசம் வரைக்கும் சாப்பிட்டு முடிக்கட்டும், பஸ்ஸோட அனுப்புறேன் லா."

மதியம் கல்யாண பஸ் வந்து நின்றது. பட்டும் மல்லிகையுமாக மண்டபம் நிறைந்தது. வாய் நிறைய வெற்றிலையோடு எல்லாரும் கை தூக்கினார்கள். மாலையும் கழுத்துமாக வந்த மணப்பெண்ணும் மருதாணிக் கையைத் தூக்கினாள். "இவரையும் சங்கத்துல சேர்த்துக்குங்க அக்கா," என்று மாப்பிள்ளையைக் காட்டினாள்.

இப்போதெல்லாம் முகூர்த்த நாளைப் பார்க்காமல் கூட்டத் தேதி குறிப்பதில்லை. இந்த ஆண்டு சொந்தக் கடைவீட்டிலேயே கூடினோம். முனியாண்டி அண்ணனுக்குத்தான் குறை: "என்னம்மா, வெறும் தேத்தண்ணிதானா? போன கூட்டத்துக்குப் பாயசம் இருந்துச்சே."