ஆமைக்குப் போட்ட டைல்ஸ்

கொழும்பில் ஒரு வாரப் பயிற்சி முடிந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். படலையைத் திறந்ததும் வேறு யாருடைய வளவுக்குள்ளோ நுழைந்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். நான் போகும்போது மண்ணாக இருந்த முற்றம் முழுக்கச் சாம்பல் நிறக் கல் பதித்திருந்தார்கள். பையைக்கூட இறக்காமல் மாமரத்தடிக்குப் போனேன். அங்கேதான் என் ஆமையின் கூடு.

கூட்டின் தரையில் டைல்ஸ். குளியலறைக்கு வாங்கியதில் மிஞ்சியது. அதன்மேல் பச்சைப் பிளாஸ்டிக் புல், ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல். ஆமை மூலையில் சுவரை முட்டிக்கொண்டு நின்றது.

வீடு தங்கையுடையது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். நான் கலியாணம் செய்யவில்லை. அம்மாவின் வீடு தங்கைக்குப் போனது, எனக்குப் பின்னறை. இப்போது வீடு தங்கையின் மகளுக்குப் போகப்போகிறது. மாப்பிள்ளை வீட்டார் அந்த ஞாயிறு வருவதாக இருந்தது. அதற்காகத்தான் இத்தனை அலங்காரம். தங்கையின் கணவர் கட்டட வேலை எடுத்துச் செய்பவர். ஆட்களும் சாமானும் கைவசம்.

"உங்களுக்குச் சொல்லாமச் செய்தா சந்தோசப்படுவீங்க எண்டு நினைச்சம்," என்றாள் தங்கை. "இனிக் கழுவ லேசு அக்கா. தண்ணி அடிச்சாச் சரி."

அந்த ஆமைக்கு இடது முன்கால் பாதி இல்லை. வயல்வட்டையில் நெல் வெட்டும் மெஷினில் அகப்பட்டுப் போனது. காட்டில் விட்டால் பிழைக்காது என்று மிருக வைத்தியர் சொன்னதால்தான் என்னிடம் வந்தது. மூன்று காலில் நிற்கும் ஒன்றுக்கு வழுக்குகிற தரை.

அதற்கு எந்த மண் ஒத்துவரும் என்று கண்டுபிடிக்கவே எனக்கு நெடுநாள் எடுத்தது. முதலில் கடற்கரை மணல் போட்டேன். உப்பில் கண் வீங்கியது. மரக்காலையிலிருந்து மரத்தூள் கொண்டுவந்தேன். கீரையோடு சேர்த்து அதையும் விழுங்கியது. வயல் களி காய்ந்து பாளம் பாளமாக வெடித்தது. கடைசியில் வளவு மண்ணோடு ஆற்று மணலும் தேங்காய்த் தும்புத்தூளும் கலந்து, முழங்கை ஆழத்துக்கு நிரப்பி, கையில் பிடித்தால் உருண்டு நிற்கும் ஈரத்தில் வைத்தேன். அதற்குள் இறங்கி அது முதுகு மட்டும் தெரியப் படுத்துக்கொண்டது. வருடக்கணக்காகப் பார்த்துப் பார்த்துப் பதப்படுத்திய மண் அது.

அந்த மண் எங்கே என்று கேட்டேன். வாசலுக்கு வெளியே ஒழுங்கையில் இருந்த பள்ளத்துக்குள் கொட்டிவிட்டதாகத் தங்கையின் கணவர் சொன்னார். ஒழுங்கைக்குப் போய்ப் பார்த்தேன். அதன்மேல் லொறி ஏறி இறுகிக் கிடந்தது. ஒரு சொல் கேட்டிருக்கலாம். என்னிடமும் போன் இருக்கிறது, அவர்களிடமும் இருக்கிறது. திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்குவது என்று எனக்குப் போன் எடுத்துக் கேட்டவர்கள்தான்.

பத்து மணிபோல ஆமை பின்கால்களால் டைல்ஸைச் சுரண்டத் தொடங்கியது. விறாண்டும் சத்தம் என் அறைவரை கேட்டது. போய்த் தூக்கினால் ஒரு நகம் பெயர்ந்து இரத்தம். ஆட்டோவில் மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் பின்காலுக்கு முன்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். முட்டை இருக்கிறது என்றார். ஆண் இல்லாததால் பொரிக்காது. ஆனால் இட்டாக வேண்டும். தோண்ட மண் கிடைக்காவிட்டால் அடக்கி வைத்துக்கொண்டே செத்துப்போகும்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். தங்கையின் கணவர் கோபப்படவில்லை. சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"ஞாயிறு போகட்டும் மச்சாள். சனம் வந்திட்டுப் போகட்டும். மறுகா உடைச்சு மண் போட்டுத் தாறன்."

"ஞாயிறு வரைக்கும் அது உயிரோட இருக்காது," என்றேன்.

"ஒரு ஆமைதானே."

சாமான் அறையிலிருந்து அவருடைய இரும்பு அலவாங்கையே எடுத்து வந்து கூட்டின் நடுவில் குத்தினேன். டைல்ஸ் வெடித்துச் சிதறியது. தங்கை கத்தி அழுதாள். பக்கத்து வீட்டார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். சீமெந்து இன்னும் சரியாக இறுகவில்லை, பெயர்ந்து வந்தது. என் கை கொப்பளித்ததை நான் பிறகுதான் கண்டேன். நான் உடைத்தது டைல்ஸை மட்டுமல்ல என்று அவர்களுக்கும் விளங்கியிருக்கும். இத்தனை வருடம் அந்த வீட்டில் எதற்கும் நான் குரல் உயர்த்தியதில்லை.

என் பெறாமகள், கலியாணப் பெண், வந்து உடைந்த துண்டுகளைக் கடகத்தில் அள்ளத் தொடங்கினாள். அள்ளிக்கொண்டே, "அதுக்கு மண் வேணும் எண்டு எனக்குத் தெரியும் பெரியம்மா. அப்பாட்டச் சொல்லப் பயமா இருந்திச்சு," என்றாள்.

என்னைத் தேற்றத்தான் சொன்னாள். எனக்கு அது மற்ற எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது. "எனக்கு ஒரு மெசேச் போட்டிருக்கலாம்," என்றேன். அவள் குனிந்து அடுத்த துண்டை எடுத்தாள்.

வளவில் அள்ள மண் இல்லை. எல்லாம் கல்லுக்குக் கீழே. களுதாவளைத் தோட்டங்களுக்குப் போனேன். நல்ல மண், ஆனால் பூச்சிமருந்து அடித்தது. வாவிக்கரை மண் உவர். கடைசியில் என்னோடு வேலை செய்யும் ஒருத்தியின் பழுகாமத்து வளவில், உரம் படாத புளியமரத்தடி மண் கிடைத்தது. உரப்பைகளில் கட்டிக் கொண்டுவந்து, மணலும் தும்புத்தூளும் கலந்து நனைத்தேன். இருட்டுவதற்குள் ஆமையை இறக்கிவிட்டேன்.

அடுத்தநாள் முழுக்கக் குழி தோண்டியது. முட்டைகள் விழுந்தன, ஒன்று வயிற்றுக்குள்ளேயே உடைந்திருந்தது. வைத்தியர் ஊசி போட்டார். ஆமை பிழைத்துக்கொண்டது. ஒரு பின்கால் நகம் மட்டும் திரும்ப முளைக்கவில்லை.

ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது தங்கையின் கணவர் பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கி அந்த மூலையை மறைத்திருந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. கலியாணமும் நல்லபடி நடந்தது.

போன மாதம் தங்கை என் அறை வாசலில் நின்று, மழைக்கு அந்த மண் கரைந்து கல்லெல்லாம் அழுக்காகிறது, சுற்றிவரச் சின்னதாக ஒரு சீமெந்துக் கட்டுக் கட்டினால் நல்லது என்றாள். கட்டுகிற நாளில் நானும் நிற்க வேண்டும் என்றேன். "அதுக்குத்தானே அக்கா கேக்கிறன்," என்றாள். கூட்டைத் தொடுமுன் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை, அதுவும் கல் அழுக்காகிறது என்பதற்காக. எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது.